புதுப்பிப்பு: அம்மாவின் தோள்வலி, கிழிசல் இல்லையாம்

மூன்று வாரத்துக்கு முன்பு எழுதியிருந்தேன்: அம்மாவுக்கு இடது தோளில் வலி, தலை பின்னக் கை எழும்பவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று. தசைநார் கிழிந்திருக்கும், எம்ஆர்ஐ எடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். முதலில் அம்மாவையே கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரம்கூட வரவில்லை. அப்புறம் அம்மாவின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை அவரே மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். தாழ்ப்பாள் போட்ட கதவுபோல் பாதியில் நின்றுவிட்டது. விஷயமே அங்கேதான். கிழிசல் என்றால் பெரும்பாலும் நோயாளியால்தான் தூக்க முடியாது. மருத்துவர் தூக்கினால் கை போகும். இங்கே இருவராலும் முடியவில்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது, ஃப்ரோஸன் ஷோல்டர் என்றார். தேய்மானம் முற்றினாலும் இப்படி இறுகும் என்பதால் எக்ஸ்ரே மட்டும் எடுத்தார், அதில் ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி, "சர்க்கரை இருக்காம்மா?" 11 வருஷமாக இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வருமாம். முதல் பதிவில் நான் அதைச் சொல்லவே இல்லை, என் தப்பு.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சொன்னபடியே இன்று காலை 240. பிசியோதெரபி திங்கட்கிழமை தொடங்குகிறது. முழுக்கச் சரியாக ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாமாம். அதுவரை தலை பின்னிவிடுவது நான்தான். வகிடு கோணல் என்று இன்றைக்கே திட்டு விழுந்தாயிற்று.