டாக்ஸ் லீன் ஃபோர்க்ளோஷரை வழக்கறிஞர் இல்லாமல் நடத்த முடியுமா? (அவசரம்)

பனிமலர்: அமெரிக்காவில் நகராட்சி ஏலத்தில் எடுத்த டாக்ஸ் லீன் (கட்டாத சொத்து வரிக்காகச் சொத்தின்மேல் உள்ள பற்றுரிமை) சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன, உரிமையாளர் இன்னும் பணம் கட்டி மீட்கவில்லை. வழக்கறிஞர் கேட்கும் கட்டணமோ லீன் தொகையை நெருங்குகிறது. ஃபோர்க்ளோஷர் வழக்கை, அதாவது அந்த நிலுவைக்காகச் சொத்தை என் உரிமைக்குக் கொண்டுவரும் வழக்கை, நானே தொடுக்க விரும்புகிறேன். எந்தப் படிவத்தில் தொடங்க வேண்டும்?

வடகரையான்: எந்த மாநிலம் என்று தெரிவியுங்கள். ஃப்ளோரிடா என்றால் வழக்கே தேவையில்லை. டாக்ஸ் டீடுக்கு (வரி நிலுவைக்காக விற்கும் சொத்தின் உரிமைப் பத்திரம்) விண்ணப்பித்தால் கவுண்டியே (மாவட்ட நிர்வாகம்) சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும். அரிசோனா என்றால் மூன்று ஆண்டுகள் காத்திருந்து நீதிமன்றம் செல்ல வேண்டும்.

சட்டநோக்கன்: ஏலத்துக்குப் போகுமுன் சட்டத்தைப் படிப்பது முதலீடு செய்பவரின் கடமை, இதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். நகராட்சி ஏலம், இரண்டு ஆண்டு என்பதைப் பார்த்தால் நியூ ஜெர்சி என்று கொள்கிறேன். அங்கே வழக்குத் தொடுப்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அதன் நகலை நகராட்சியின் வரி வசூல் அலுவலரிடம் தர வேண்டும். அதன் பிறகே சுப்பீரியர் நீதிமன்றத்தின் சான்சரி பிரிவில் வழக்கு. இறுதித் தீர்ப்பு வரும்வரை உரிமையாளர் மீட்டுக்கொள்ளலாம்.

காவேரிக்கரை: படிவம் பிறகு, டைட்டில் சர்ச் (சொத்தில் யார் யாருக்கு உரிமை என்று பதிவேட்டில் தேடுவது) முதலில். இதைத் தவிர்த்துத் தாமே வழக்காடுபவர்கள்தாம் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். அடமானம் வைத்திருக்கும் வங்கி, பிற கடன்காரர்கள் என்று பதிவேட்டில் உள்ள ஒருவரை விட்டுவிட்டாலும், அவருடைய உரிமை தீர்ப்புக்குப் பின்னும் சொத்தின்மேல் நிற்கக்கூடும். கூட்டாட்சி வருமான வரித்துறையின் லீன் இருந்தால் அமெரிக்க அரசையே பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும்.

எடிசன்வாசி: சான்றிதழ் உங்கள் பெயரிலா, எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) பெயரிலா? தனிநபர் தமக்காகத் தாமே வழக்காடலாம். நிறுவனமோ நியூ ஜெர்சி சுப்பீரியர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வழியாகத்தான் வர வேண்டும்.

வடகரையான்: 2023 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்த டைலர் வழக்குத் தீர்ப்புக்குப் பின் இந்த வழியில் வீடு கிடைக்கும் என்பதே பழங்கதை.

சட்டநோக்கன்: தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். மினசோட்டாவின் ஹெனப்பின் கவுண்டி, ஏறத்தாழ 15,000 டாலர் நிலுவைக்காக டைலர் என்ற மூதாட்டியின் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டதுதான் தவறு என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஃபோர்க்ளோஷரே கூடாது என்று சொல்லவில்லை.

வடகரையான்: அதன் விளைவாகத்தானே நியூ ஜெர்சி 2024 ஜூலையில் சட்டத்தைத் திருத்தியது? உரிமையாளர் கோரினால் சொத்து ஏலம் போகும். கடன் போக எஞ்சுவது அவருக்கே. முப்பது ஆண்டு வரி கட்டிய முதியவருக்கு அதுவே நியாயம்.

சட்டநோக்கன்: நியாயத்தை நான் மறுக்கவில்லை. கோரிக்கை வராவிட்டால் நடைமுறை பழையபடியே என்கிறேன்.

பனிமலர்: நியூ ஜெர்சிதான். சான்றிதழ் எல்.எல்.சி. பெயரில் உள்ளது. அதை என் பெயருக்கு மாற்றிவிட்டு நானே வழக்காட இயலுமா என்று வரி வசூல் அலுவலகத்தில் கேட்கப் போகிறேன். அனைவருக்கும் நன்றி.

எடிசன்வாசி: அந்த அலுவலகம் சட்ட ஆலோசனை தராது. இந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து வழக்கறிஞரைக் கேளுங்கள்.

காவேரிக்கரை: 30 நாள் அறிவிப்பை அனுப்பிவிட்டீர்களா? அது எல்.எல்.சி. பெயரில் போயிருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.