மேட்டூர் நீர்மட்டம், கட் ஆஃப் என்றே பொழுது போகிறது. எதில் கவனம் வைப்பது?

கேள்வி கேட்டவர்: கடைமடை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர், சரியான கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மூன்று ஏக்கர் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து வயலை நான்தான் பார்க்கிறேன். கூடவே அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன்.

காலையில் எழுந்ததும் கை போனுக்குத்தான் போகிறது. மேட்டூரில் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. அப்புறம் கர்நாடகத்து அணைகளான கபினி, கிருஷ்ணராஜ சாகர், குடகில் மழை பெய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அது முடிந்தால் டெலிகிராம் குரூப். இந்த முறை கட் ஆஃப் எவ்வளவு வரும், காலியிடம் கூடுமா என்று அங்கே ஓயாத பேச்சு. நிமிர்ந்து பார்த்தால் பதினொரு மணி. புத்தகம் திறந்திருக்காது, வரப்பும் வெட்டியிருக்காது.

கையில் இருப்பதை மட்டும் பார் என்கிறார்கள். தண்ணீர் என் கையில் இல்லைதான், ஆனால் அது வராமல் நான் எதை விதைப்பது? அதனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இங்கே விவசாயம் செய்கிறவர்கள், வேலைக்குப் படித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

---

பதில்: கோட்டூர்_விவசாயி

மேட்டூரைப் பார்க்காதே என்று நான் சொல்ல மாட்டேன்மா. டெல்டாவில் பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் இன்றைக்கு அந்த எண் இரண்டு அடி கூடினால் நீ நாளைக்குச் செய்யப்போகும் வேலையில் எது மாறும்? இதைக் கேட்டுக்கொண்டு பார். மாறும் நாள் வருடத்தில் கொஞ்சம்தான்.

நம் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து, முறை வைத்து விட்டு, உன் மதகுக்கு எப்போது வரும் என்பதை மேட்டூர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உன் வாய்க்காலில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால் ஜூனில் தொடங்கும் குறுகிய நாள் குறுவையை நம் பக்கம் பலர் கணக்கிலேயே வைப்பதில்லை, ஆகஸ்டுக்கு மேல் போடும் சம்பாதான். சம்பாவுக்கு நீ முடிவெடுக்க வேண்டியது ஒரே விஷயம்: நீண்ட நாள் ரகமா, நடுத்தர ரகமா. 1009 என்ற நீண்ட நாள் ரகத்தைப் போட்டால் 155 நாளுக்குக் குறையாது. ஆகஸ்டில் புழுதி விதைப்பாக, அதாவது காய்ந்த மண்ணிலேயே, விதைத்துவிட்டால் மழையிலோ முறைத் தண்ணீரிலோ முளைத்துவிடும். செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் 135 நாள் ரகத்துக்கு மாறிவிடு, ஏனென்றால் வழக்கப்படி ஜனவரி 28ல் மேட்டூரை மூடிவிடுவார்கள். ஆக, ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் அந்த எண்ணை உட்கார்ந்து பார். மற்ற நாளில் சாயங்காலம் ஒரு தடவை போதும்.

இப்போது ஆடி மாதம். உன் கையில் என்ன வேலை இருக்கிறது? விதை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல்லுப்பைக் கரைத்துக்கொள். அதில் புது முட்டை ஒன்றைப் போட்டால் மிதக்க வேண்டும், தண்ணீருக்கு மேலே ஒரு நாணய அகலம் தெரிய வேண்டும். முட்டை முழுகினால் இன்னும் கொஞ்சம் உப்புப் போடு. பிறகு நெல்லைக் கொட்டிக் கையால் கிளறிவிடு. பதரும் அரைகுறையாக விளைந்த நெல்லும் மேலே வரும், கூடையால் அரித்து எடுத்துவிடு. அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசு. உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். நிழலில் உலர்த்தி, கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கலந்து வை. ஒரு காலை முழுக்க இந்த வேலை இழுக்கும். அன்றைக்கு நீ போனைத் தேட மாட்டாய், கை ஈரமாக இருக்கும்.

அடுத்தது வடிகால். கடைமடையில் தண்ணீர் வராத கஷ்டம் ஒரு பங்கு என்றால் ஐப்பசி கார்த்திகையில் வந்த தண்ணீர் போகாத கஷ்டம் இரண்டு பங்கு. உன் வயலிலிருந்து பொது வடிகால் வரைக்கும் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை இருந்தால் இப்போதே எடு. பயிர்க் காப்பீட்டுக்குச் சம்பாவில் வழக்கமாக நவம்பர் 15 என்று கெடு வைப்பார்கள். கடைசி நாளில் சர்வர் இழுக்கும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற சான்று) வாங்குவதை அக்டோபரிலேயே முடித்துவிடு.

---

பதில்: மன்னை_இளையவன்

அக்கா, கோட்டூர் ஐயா சொன்னது அவ்வளவும் சரி. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். காவிரி நம் கையில் இல்லை என்று எல்லோரும் வயலோடு நின்றிருந்தால், கர்நாடகத்தோடு உள்ள தண்ணீர்த் தகராறைத் தீர்க்க நடுவர் மன்றமே வந்திருக்காது. 1983ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது டெல்டா விவசாயிகள் சங்கம்தான். 1990ல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018ல் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பத்தைந்து வருடம்! தனி ஆளால் முடியாததைச் சங்கமாகச் சேர்ந்து செய்தார்கள். அதனால் நீங்களும் மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வாய்க்கால் தூர்வாரவில்லை என்றால் எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை என்று எழுதி மனுவாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஆற்றாமையைக் கொட்டுவதைவிட அந்த ஒரு காலைக்கு மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

---

பதில்: நாகை_உதவியாளர்

நானும் வீட்டிலிருந்து படித்து குரூப் 4 எழுதி வேலைக்கு வந்தவள்தான். கட் ஆஃப் பேச்சு நடக்கும் குரூப்பிலிருந்து இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள் தங்கச்சி. 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த நூறும் கிட்டத்தட்ட முழுக்க உங்கள் கையில் இருப்பவை: ஆறிலிருந்து பத்து வரை பள்ளித் தமிழ்ப் புத்தகம், இலக்கணம், திருக்குறள். கணக்கு 25 கேள்வி, தினம் போட்டுப் பார்த்தால் வந்துவிடும். கட் ஆஃப் கூடினாலும் குறைந்தாலும் நாளைக் காலையில் நீங்கள் படிக்க வேண்டிய பாடம் மாறப்போவதில்லை. வயலுக்குப் போகும் முன், விடியற்காலையில் தமிழை முடித்துவிடுங்கள். போனை அப்பாவிடம் கொடுங்கள். மேட்டூர் எத்தனை அடி என்று அவரே பார்த்துச் சொல்லட்டும், அவருக்கும் பொழுது போகும்.

---

கடைமடை_மகள்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன், உடனே ஒத்துக்கொண்டார். தம்பி, எங்கள் வாய்க்கால் இரண்டு இடத்தில் மேடிட்டிருக்கிறது, அளந்து எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறேன். ஐயா, ஒரு சந்தேகம்: வீட்டில் இருப்பது போன வருடம் எங்கள் வயலில் விளைந்த 1009 நெல். அதையே உப்புத் தண்ணீரில் போட்டு விதைக்கு எடுக்கலாமா, இல்லை வேளாண்மைத் துறை விதை டெப்போவில் புது விதை வாங்கிவிடவா?

---

கோட்டூர்_விவசாயி

கலப்பு இல்லாமல் தனியாக அடித்து, நன்றாகக் காய வைத்திருந்தால் எடுக்கலாம்மா. முதலில் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வை. எண்பதுக்கு மேல் முளைத்தால் அதையே போடு. குறைந்தால் டெப்போவுக்குப் போ, ஆடி முடிவதற்குள் போய்விடு.