யோபு 26:7-ஐ அறிவியல் ஆதாரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

ஞாயிறு டீச்சர்:

சபையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடம் எடுக்கிறேன். பாடத்துக்கு உதவியாக ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே எல்லாம் வேதத்தில் இருந்தது என்று சொல்கிற வகை. 'பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்' என்று யோபு 26:7 சொல்வதால், பூமி வெட்டவெளியில் இருப்பது யோபுவுக்குத் தெரிந்திருந்ததாம். நதிகள் எல்லாம் சமுத்திரத்தில் போய் விழுந்தும் அது நிரம்புவதில்லை என்கிற பிரசங்கி 1:7 நீர்ச் சுழற்சியாம்.

நானும் அப்படியே வாசித்துக்கொண்டு போனேன். ஒரு பையன் கையைத் தூக்கி, "நாலு வசனம் தள்ளி வானத்துக்குத் தூண் இருக்குன்னு போட்டிருக்கே மிஸ், அது எந்த விஞ்ஞானம்?" என்றான். எடுத்துப் பார்த்தால் 26:11-இல் வானத்தின் தூண்கள் அதிர்கின்றன. அது கவிதை என்றேன். "அப்போ ஏழாவது வசனம் மட்டும் எப்படிக் கவிதை இல்லை?" என்று கேட்டான்.

குறும்புக்காரப் பையன் இல்லை. நிறைய வாசிக்கிறவன். வீட்டில் தன்னை நாத்திகன் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறான். அவன் அம்மா என்னைப் பேசிப் பார்க்கச் சொல்கிறார். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார், அதற்கு வயது ஆறாயிரம் வருடம்தான் என்பவை அவன் அடுத்த கேள்விகள் என்று தெரியும். நான் படித்தது வணிகவியல். அறிவியல் தெரிந்தவர்கள், விசுவாசிகளானாலும் சரி, நாத்திகர்களானாலும் சரி, சண்டை போடாமல் சொல்லுங்கள்.

விசுவாசக் கோட்டை:

சகோதரி, கலங்க வேண்டாம். விஞ்ஞானம் மாறிக்கொண்டே இருக்கும், வசனம் மாறாது. புளூட்டோவைக் கிரகம் என்றார்கள், 2006-இல் இல்லை என்றார்கள். 'நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?' என்று யோபு 38:4-இல் கர்த்தர் கேட்கிறார். அதையே அந்தத் தம்பியிடம் கேளுங்கள். கல்லின் வயதைச் சொல்கிற யாரும் அங்கே நின்று பார்த்தவர்கள் இல்லை. ஆதாமைக் குழந்தையாகப் படைக்கவில்லை, வளர்ந்த மனிதனாகவே படைத்தார். பூமியையும் வயதான தோற்றத்தோடு படைக்க அவரால் முடியாதா?

சந்தேகன்:

டீச்சர், நான் நாத்திகன். பையன் பக்கம்தான். ஆனாலும் நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன்.

"ஒரு நாள் என்றால் ஒரு யுகம்" என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். நாளை எவ்வளவு இழுத்தாலும் வரிசை ஒத்துவராது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாள் மரம் செடிகள், நான்காம் நாள்தான் சூரியன். ஐந்தாம் நாள் பறவைகளும் கடலின் பெரிய பிராணிகளும், ஆறாம் நாள் தரை விலங்குகள். புதைபடிவங்களில் வரிசை வேறு. பறவைகள் தரையில் நடந்த டைனோசர் வம்சத்தில் வந்தவை. திமிங்கலங்களின் மூதாதையர் காலோடு நிலத்தில் திரிந்த பாலூட்டிகள்.

இன்னும் இருக்கிறது. லேவியராகமம் 11:6-இல் முயல் அசைபோடுகிறதாம். மாடு போல இரைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்து மெல்கிற வழக்கம் முயலுக்கு இல்லை. மத்தேயு 13:32-இல் கடுகு எல்லா விதைகளிலும் சிறியதாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும்.

என் கேள்வி விசுவாசிகள் எல்லோருக்கும். அறிவியல் ஒத்துப்போனால் 'அப்போதே சொன்னது', ஒத்துப்போகாவிட்டால் 'அது கவிதை'. எது வந்தால் வேதம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

கல்லும் காலமும்:

நான் கற்களின் வயதைக் கணக்கிடும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகிறவன். இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பது பழகிவிட்டது.

டீச்சர், முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். அதை எழுதினவர் கையில் கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. யோபு 26-இல் ஏழாவது வசனத்தை வெட்டி எடுத்து, பதினோராவதை விட்டுவிட்டார். பிரசங்கி 1:7-ஐ எடுத்தவர் 1:5-ஐ விட்டுவிட்டார். அங்கே சூரியன் அஸ்தமித்து, உதித்த இடத்துக்கே திரும்பவும் விரைகிறது. ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தோடு இறக்கிவிட முடியாது. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யத்தான் செய்யும். உங்கள் மாணவன் செய்தது அதுதான், நன்றாகவே செய்திருக்கிறான்.

அந்த அதிகாரத்தில் பேசுவது யார் என்று பாருங்கள். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு, தன் நண்பன் பில்தாத்துக்குப் பதில் சொல்கிறான். வானம், மேகம், கடல், பாதாளம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி வசனத்தில் இதெல்லாம் அவருடைய செயல்களின் ஓரம் மட்டும்தான், நாம் கேட்டது கொஞ்சம்தான் என்கிறான். தனக்குத் தெரிந்தது கொஞ்சம் என்று சொல்லி முடிக்கிறவன் வாயில் 'எனக்கு அப்போதே தெரியும்' என்பதைத் திணிக்கிறது உங்கள் புத்தகம். எனக்கு அதுதான் அவமரியாதையாகப் படுகிறது.

விசுவாசக் கோட்டை ஐயா, 'அங்கே நின்று பார்த்தவர்கள் இல்லை' என்பதற்கு வருகிறேன். எங்கள் வேலையில் சிர்கான் என்று ஒரு படிகம் உண்டு. பாறையை இடித்து, சலித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம், பெரும்பாலும் மணல்துகள் அளவுதான். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுதாகத் தள்ளிவிடும். பிற்பாடு உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235-க்கு 70.4 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் நாங்கள் அந்த எண்ணை நம்புவோம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான்களில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு. பூமியின் வயதை கிளேர் பாட்டர்சன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1956-இல் விண்கற்களின் ஈயத்தை வைத்து 455 கோடி என்றார். எழுபது ஆண்டு ஆகப்போகிறது, கருவிகள் எல்லாம் மாறிவிட்டன, அந்த எண் அசையவில்லை. விஞ்ஞானம் மாறும் என்பது உண்மைதான், ஆனால் புளூட்டோ விஷயத்தில் மாறியது வகைப்படுத்தல் மட்டும். புளூட்டோ இருந்த இடத்திலேயேதான் சுற்றுகிறது.

'வயதான தோற்றத்தோடு படைத்தார்' என்பதை 1857-இல் பிலிப் காஸ் என்கிற ஆங்கில இயற்கையியலாளர் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். விசுவாசிகளுக்கும் பிடிக்கவில்லை, விஞ்ஞானிகளுக்கும் பிடிக்கவில்லை. ஏன் என்று பாருங்கள். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லானிக் மேகம் என்கிற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. உலகத்துக்கு வயது ஆறாயிரம்தான், ஒளியை வழியிலேயே படைத்து அனுப்பினார் என்றால், நாம் பார்த்த வெடிப்பு நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றின் படத்தைக் கடவுள் நமக்குக் காட்டினார் என்று ஆகிறது. அப்படிப்பட்ட கடவுளை என்னால் ஆராதிக்க முடியாது. ஐயா, உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன்.

சந்தேகன், உங்கள் வரிசைக் கணக்கு சரி. நாளை யுகமாக்குவது உதவாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முயலும் கடுகும்? அந்தப் புத்தகம் எழுதினவரும் நீங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். லேவியராகமம் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று சாதாரண மக்களுக்குச் சொல்லும் சட்டம். வாயை அசைத்துக்கொண்டே இருக்கும் பிராணியை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அங்கே கேள்வி. முயல் தன் புழுக்கையைத் திரும்பத் தின்று செரிக்கிறது, அதைத்தான் வேதம் சொல்கிறது என்று சில விசுவாசிகள் பதில் எழுதுவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமும் போகாதீர்கள், டீச்சர்.

அறிவியல் நெருக்கிய பிறகுதான் கவிதை என்று சொல்ல ஆரம்பித்தார்கள் என்பது மட்டும் முழு உண்மை இல்லை. சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்கிற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் அந்த ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. வானத்தையும் பூமியையும் பற்றி விஷயம் தெரிந்த அவிசுவாசியின் முன்னால், வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் உளறுவது வெட்கக்கேடு என்றும் எழுதினார். ஆனால் அதே அகஸ்டின் மனிதன் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை என்றும் நம்பினார். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொருவரைப் பையனுக்குச் சொல்லுங்கள், டீச்சர். ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டி, 1931-இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். கடவுள் நம்பிக்கை இல்லாத ஆங்கில வானியலாளர் ஃபிரெட் ஹாயில் அதை ஏற்கவில்லை. 'பெருவெடிப்பு' என்ற பெயரே 1949-இல் ஹாயில் வானொலியில் சொன்னதுதான். பிறகு 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில் இந்தக் கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சாட்சியாகக் காட்டினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. குருவானவரே தன் சொந்தக் கண்டுபிடிப்பை ஆதியாகமத்துக்கு ஆதாரமாக வைக்க மறுத்தார். நாம் யோபுவை வைத்து ஏன் செய்ய வேண்டும்?

கடைசியாக, எது வந்தால் ஒப்புக்கொள்வேன் என்று கேட்டீர்கள். ஆறு நாள் விஷயத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, அந்த அதிகாரம் பூமியின் வரலாற்றுக் குறிப்பு இல்லை. ஆதாம் ஏவாள் என்ற ஒரே ஜோடியிலிருந்து மனித குலம் முழுவதும் வந்தது என்பது மரபணு ஆய்வோடு ஒத்துவரவில்லை, எங்கள் இறையியலுக்கு அது நிஜமான சிக்கல்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் என் விசுவாசம் நிற்பதும் விழுவதும் வேறு இடத்தில். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் விசுவாசம் விருதா என்று பவுலே 1 கொரிந்தியர் 15-இல் எழுதிவிட்டார். அதை சிர்கானை வைத்துத் தீர்க்க முடியாது. வரலாற்றை வைத்து வாதாடலாம், வாருங்கள்.

சந்தேகன்:

முயலையும் கடுகையும் திரும்பப் பெற மாட்டேன். வேதத்தில் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை என்கிறவர்களுக்கு அது சரியான பதில்தான். உங்களுக்குப் பொருந்தாது என்பது புரிகிறது.

ஆனால் ஆறு நாளைக் கைவிட்டதும் பிரச்சினை சின்னதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பெரிதாகிறது. பரிணாமத்தை ஏற்றால் பசி, நோய், சாவு எல்லாம் மனிதன் பாவம் செய்வதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. டார்வின் 1860-இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார். உயிருள்ள புழுவுக்குள் இருந்து அதைத் தின்று வளரும்படி ஒரு குளவியை நல்ல கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று. என்னை நாத்திகனாக்கியது அந்தக் குளவி மாதிரி விஷயங்கள்தான், யோசுவாவுக்காகச் சூரியன் வானத்தில் நின்றது என்கிற மாதிரி வேதக் கதைகள் இல்லை.

கல்லும் காலமும்:

ஏசா கிரே விசுவாசமுள்ள கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர். அவருடைய பதில்கள் டார்வினைத் திருப்திப்படுத்தவில்லை. என்னையும் திருப்திப்படுத்தவில்லை. அந்தக் குளவிக்கு என்னிடம் பதில் கிடையாது. யோபுவின் புத்தகம் முழுக்க அந்தக் கேள்விதான், கடைசியில் கர்த்தர் பேசும்போதுகூட யோபு ஏன் துன்பப்பட்டான் என்று விளக்குவதில்லை. டீச்சர், பையனோடு யோபு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அதை வாசியுங்கள்.

விசுவாசக் கோட்டை:

பதில் இல்லை என்று சொல்வதற்கா சகோதரி கேட்டார்? ஒன்றை விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் விட வேண்டிவரும். ஆதாம் இல்லையென்றால் பாவம் ஏது, பாவம் இல்லையென்றால் சிலுவை எதற்கு? உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கல்லும் காலமும்:

ஜெபியுங்கள் ஐயா, நன்றி. ஆதாம் பற்றிய கேள்வி நியாயமானது. தனித் திரியாகப் போடுங்கள், அங்கே பேசலாம்.

ஞாயிறு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் புத்தகத்தை இனி வகுப்பில் பயன்படுத்தப்போவதில்லை என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பையனிடம் இந்தப் பக்கத்தையே காட்டினேன். அவன் நாத்திகத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. சிர்கானைப் பற்றி ஒன்று கேட்கச் சொன்னான். உள்ளே உண்டான ஈயம் இடையில் வெளியே போயிருந்தால் கணக்கு தப்பாகிவிடாதா என்று கேட்கிறான்.

கல்லும் காலமும்:

ஆகும். நாங்கள் தினமும் படும் பாடு அதுதான். வெப்பத்திலோ கதிர்வீச்சில் படிகம் சிதைந்தோ ஈயம் கசிந்தால் இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு வயதைக் காட்டும், அதிலிருந்தே கசிந்திருப்பது பிடிபட்டுவிடும். ஈயம் போனால் வயது குறைவாகத்தான் தெரியும், கூடுதலாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பாறையிலிருந்து ஈயம் வெவ்வேறு அளவு கசிந்த பல சிர்கான்களை எடுத்து, இரண்டு கணக்கையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், பெரும்பாலும் அவை ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டின் ஒரு முனை படிகம் பிறந்த வயது, மறுமுனை பல நேரம் ஈயம் கசிந்த காலம். அந்தக் கோடு ஏன் நேராக வருகிறது என்று அவனே யோசிக்கட்டும். வரவில்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.