மாண்ட்ரியலில் சாமி ஸேன் ஜெயித்திருக்க வேண்டுமா?

மூன்றாம்கயிறு:
நேற்று ராத்திரி WWE மல்யுத்தத்தின் 2023 எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியின் கடைசி மேட்சை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி 18, மாண்ட்ரியல் பெல் சென்டர், சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸும் சாமி ஸேனும். மனசு இன்னும் ஆறவில்லை. சாமி பக்கத்து லாவலில் பிறந்த பையன், முகமூடி மாட்டிக்கொண்டு சின்னச் சின்ன ஹால்களில் வருஷக்கணக்காக ஆடியவன். ரோமனின் பிளட்லைன் குடும்பத்துக்கு மாசக்கணக்கில் எடுபிடி வேலை பார்த்து, அவர்கள் வாயாலேயே 'கௌரவ ஊஸ்' (ஊஸ் என்றால் அவர்கள் பேச்சில் சகோதரன்) என்று பேர் வாங்கி, கடைசியில் பழைய நண்பன் கெவின் ஓவன்ஸுக்காக அதே குடும்பத்தை எதிர்த்து நிற்கிறான். அரங்கமே ஓலே ஓலே என்று பாடுகிறது, மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவனைத் தோற்கடிக்க எப்படி மனசு வந்தது? ஒரே ஒரு ராத்திரிக்கு பெல்ட்டைக் கொடுத்துவிட்டு வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு முன்னால் திரும்ப வாங்கியிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அது பெரிய தப்பு.

நீலமூலை:
எனக்கு இதில் உடன்பாடே இல்லை ப்ரோ. சாமி எப்போது பெல்ட்டுக்கு ஏங்கினான்? தன்னையும் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்றுதான் ஏங்கினான். அந்த வீட்டில் அவனுக்கு முகம் கொடுத்துக்கூடப் பேசாதவன் ரோமனின் ஒன்றுவிட்ட தம்பி ஜே ஊஸோ. 2022 நவம்பரில், பாஸ்டனில் நடந்த வார் கேம்ஸ் என்ற குழு மேட்சில், சாமி தன் பழைய நண்பன் கெவின் ஓவன்ஸையே இடுப்புக்குக் கீழே அடித்து ஜேவை ஜெயிக்கவைத்த பிறகுதான் ஜே அவனைக் கட்டிப்பிடித்தான். ஜனவரியில் ரோமன் சாமியை நிற்கவைத்து விசாரணை நடத்தியபோது, அவனுக்காகப் பேசினதும் அதே ஜேதான்.

அப்புறம் அதே மாசம் ராயல் ரம்பிள் நிகழ்ச்சி நடந்த அந்த ராத்திரி. கெவினைக் கயிற்றோடு சேர்த்து விலங்கு மாட்டியிருக்கிறது. அடி என்று சொல்லி ரோமன் சேரைக் கொடுக்கிறான். சாமியால் முடியவில்லை. சேரைப் பிடித்துக்கொண்டு கெவினைப் பார்க்கிறான், ரோமனைப் பார்க்கிறான், ரோமன் திட்டத் திட்ட முகம் மாறிக்கொண்டே போகிறது. ரோமன் திரும்பிய அந்த நொடியில் அவன் முதுகிலேயே சேர் விழுகிறது. ஜேவின் சகோதரர்கள் ஜிம்மியும் சோலோவும் உடனே சாமி மேல் பாய்கிறார்கள். ஜே மட்டும் பாயவில்லை. ஒரு அடிகூட அடிக்காமல் ரிங்கை விட்டு இறங்கி நடந்தே போய்விட்டான். எனக்கு மொத்தக் கதையும் அந்த நடையில்தான் இருக்கிறது. அதற்கான பதிலை மாண்ட்ரியலில் ரோமனிடம் வாங்க முடியாது. ஏப்ரல் 1, ரெஸில்மேனியா 39, சாமி தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணவைத்து ஜெயித்தது அந்த ஜேவைத்தான், பக்கத்தில் கெவின். டேக் டீம் (இரட்டையர்) பெல்ட்டுக்கான மேட்ச் ஒன்று ரெஸில்மேனியாவின் கடைசி மேட்சாக வந்தது அதுவே முதல் தடவை.

புடோக்கன்ரசிகன்:
இரண்டு பேரும் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மேட்சைப் பற்றி ஒரு வரி இல்லை. ரோமன் அந்தக் காலத்தில் ஆடினதெல்லாம் ஒரே மாதிரி மேட்ச். ரெஃப்ரி விழுவார், தம்பி யாராவது உள்ளே வருவார், ஓடிவந்து தோளால் இடிக்கிற ஒரு ஸ்பியர், முடிந்தது. மாண்ட்ரியலும் அப்படித்தான், ஜிம்மி வந்தான், ஜே வந்தான், சேர் வந்தது. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆட்டத்தில் எதையும் மன்னித்துவிடலாமா? 2003 மார்ச் 1, டோக்கியோ புடோக்கன் அரங்கத்தில் ஜப்பான் வீரர்கள் மிசாவாவும் கொபாஷியும் மோதியதை ஒரு தடவை பாருங்கள். மைக் பிடித்து யாரும் அழவில்லை. நுழைவு மேடை மேலிருந்து மிசாவா கொபாஷியை டைகர் சூப்ளெக்ஸில், பின்னாலிருந்து பிடித்துத் தூக்கித் தலைக்கு மேலாக, கீழே தரையில் போடுகிறார், கொபாஷி அதற்கும் எழுந்து வந்து ஜெயிக்கிறார். பத்து வருஷத்துக்கு மேலாக அவர்களுக்குள் இருந்ததெல்லாம் அந்த எழுந்து வருவதிலேயே தெரியும். ரெஸ்லிங்கில் உணர்ச்சி உடம்பில் தெரிய வேண்டும்.

மூன்றாம்கயிறு:
அந்த மேட்ச் எனக்கும் உயிர். ஆனால் மிசாவா பேரைச் சொல்லி உடம்பைப் பற்றிப் பேசும்போது 2009ஐ விட்டுவிட முடியாது அண்ணே. ஜூன் 13, ஹிரோஷிமா, ரிங்கிலேயே ஒரு சூப்ளெக்ஸில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. 46 வயது. வருஷக்கணக்காகக் கழுத்தில் வாங்கிய அடியோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த 2003 சூப்ளெக்ஸை என்னால் கைதட்டிப் பார்க்க முடியவில்லை, வயிற்றைப் பிசைகிறது. சாமி சேரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் யார் கழுத்தும் உடையவில்லை, ஆனாலும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அந்த அளவுக்கு நடிக்கத் தெரிந்தால் அதையே செய்யட்டும் என்பேன்.

புடோக்கன்ரசிகன்:
மிசாவா விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி, அந்தச் செய்தி வந்த நாளை நானும் மறக்கவில்லை. ஆனால் தலைகுப்புற விழு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, முடிவு ரிங்குக்குள் இருக்கிற இரண்டு பேர் கையில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, சாமி கெவின் கதை 2022இல் ஆரம்பித்தது போலப் பேசுகிறீர்கள். ரிங் ஆஃப் ஹானர் என்ற வேறு கம்பெனியில் 2009 டிசம்பரில் கெவின்தான் சாமியைச் சேரால் அடித்து முதுகில் குத்தினான், அப்போது சாமி முகமூடி போட்ட எல் ஜெனரிகோ. அடுத்த டிசம்பரில் நியூயார்க்கில் முகமூடியா வேலையா என்று மோதினார்கள், ஜெனரிகோ ஜெயித்தான், கெவின் கம்பெனியை விட்டே போனான். முகமே தெரியாத ஒருவனுக்காக ஜனம் அங்கே கத்தியது. அவன் தோளும் நடையும் போதுமாக இருந்தது.

நீலமூலை:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அண்ணே, ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம். 2009இல் கெவின் சேரால் அடித்தான், 2023இல் அதே கெவினை அடிக்கச் சொல்லி சாமி கையில் சேரைக் கொடுக்கிறார்கள், அவன் அடிக்கவில்லை. பழசு தெரிந்தவனுக்கு அந்த இடம் இரண்டு மடங்கு வலிக்கும். ரெஃப்ரி விழுகிற விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, எனக்கும் அலுத்துப்போனதுதான்.

மூன்றாம்கயிறு, உங்களுக்கு ஒன்று. மாண்ட்ரியலுக்கு இரண்டு நாள் கழித்து WWEயின் வாராந்திர டிவி நிகழ்ச்சி 'ரா'வில் சாமி கெவினிடம் போய்ச் சேர்ந்து நிற்கலாம் என்று கேட்டபோது கெவின் என்ன செய்தான்? முடியாது என்றான், போய் உன் ஜேவிடம் கேள் என்றான். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் வந்து கேட்டிருந்தால் அந்த மறுப்புக்கு என்ன மதிப்பு? ஒன்றுமே மிச்சமில்லாமல் போய் நின்றதால்தான் மார்ச் 17 அன்று இன்னொரு வாராந்திர நிகழ்ச்சி ஸ்மாக்டவுனில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபோது அரங்கம் அப்படிக் கத்தியது.

மூன்றாம்கயிறு:
அந்த மறுப்பை நான் மறந்தே போயிருந்தேன். சரி, சாமி, கெவின் இரண்டு பேர் கதைக்கு அது தேவைதான். ஆனால் ஊர் ஜனத்துக்கும் ஒரு கதை இருக்கிறதே. 1997 நவம்பர் 9 அன்று கனடாக்காரர் ப்ரெட் ஹார்ட்டை ஏமாற்றிப் பெல்ட்டைப் பிடுங்கினார்களே, அது இதே கட்டடம்தான், அப்போது மோல்சன் சென்டர் என்று பேர். 25 வருஷம் கழித்து அந்த இருக்கைகளில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு தடவையாவது கொடுத்திருக்கலாம் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன். மூன்று எண்ணி முடித்ததும் கேமராவை ஜனம் பக்கம் திருப்புவார்கள், மறுபடி பாருங்கள். பாட்டு நின்றுபோயிருக்கும்.