மறைந்துபோன டிவி, ரேடியோ ஆட்களை நினைத்தால் உங்களுக்கு உடனே ஞாபகம் வருவது எது? (வேலூர், பழைய வட ஆற்காடு ஆட்கள் எழுதுங்கள்)

குடியாத்தத்தான்

சன் டிவி எதிர்நீச்சல் சீரியல் கதையை நான் சொல்லத் தேவையில்லை, அதில் வில்லன் ஆதிமுத்து குணசேகரன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது எங்கள் ஆயாவைப் பற்றி. பீடி சுற்றுகிறவர். ராத்திரி 9.30 ஆனால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கண் டிவியில், விரல் இலையில். தூள் ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. குணசேகரன் "ஏம்மா ஏய்" என்று ஆரம்பித்தால் போதும், இவரும் ஆரம்பித்துவிடுவார். "உன் வாயில மண்ணு விழ", "பாடையில போறவனே". விளம்பரம் வந்தால் திட்டை நிறுத்திவிட்டு நூல் கட்டுவார். விளம்பரம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும்.

2023 செப்டம்பர் 7, வியாழக்கிழமை ராத்திரியும் அப்படித்தான் போனது. மறுநாள் காலை, குணசேகரனாக நடித்த மாரிமுத்து, டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்று போனில் செய்தி. நான்தான் போய்ச் சொன்னேன். "நாடகத்துலயா?" என்றார் ஆயா. "இல்ல ஆயா, நெசமாவே" என்றேன். கையிலிருந்த இலையில் தூள் போட்டாகிவிட்டது, ஆனால் சுருட்டவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரிகூட திட்டினேனேடா." கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்குப் புள்ளைங்க கீதா?" என்று கேட்டார். ஒரு பையன், ஒரு பெண் என்று டிவியில் சொன்னதைச் சொன்னேன்.

அப்புறம் அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் நன்றாகத்தான் செய்தார். ஆயா தினமும் பார்த்தார், ஒரு நாள்கூடத் திட்டவில்லை. எனக்குத்தான் சீரியல் சப்பென்று போய்விட்டது.

உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஆரணி அக்கா

தம்பி, ஆயா கதை அருமை. ஆனால் அந்த "ஏம்மா ஏய்" விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மாரிமுத்து மேல் இல்லை. அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்பதற்கு அந்த ஒரு கூப்பிடலே போதும். ஆனால் ஊரெல்லாம் மீம் போட்டுச் சிரித்த அந்த வருஷம், எங்கள் வீட்டு ஆண்கள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்டால் "சும்மா தமாஷ்". ரசம் எடுத்துக்கொண்டு வருகிறவளுக்கு அது தமாஷ் இல்லை. நாடகம் யாரைப் பார்த்து அப்படிப் பேசாதே என்று சொன்னதோ, அவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். சரி, இதை விடுகிறேன்.

என் கதை மெட்டி ஒலி சீரியல். நாங்கள் ஐந்து பேரும் பெண்கள், அண்ணன் தம்பி கிடையாது. அப்பா பட்டுத் தறிக்காரர். அதில் வரும் அப்பா சிதம்பரத்துக்கும் ஐந்து பெண்கள்தானே, அதனால் தெருவே எங்கள் வீட்டை "மெட்டி ஒலி வீடு" என்றுதான் சொல்லும். பால்காரர்கூட அப்படித்தான் கணக்கு எழுதுவார். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், மற்றதெல்லாம் மறந்துபோய் நாலாவது தங்கைக்கு மட்டும் விஜி என்று நிலைத்துவிட்டது. இப்போது அவள் பிள்ளைகளே "விஜிம்மா" என்கிறார்கள்.

விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021 அக்டோபர் 17 அன்று இறந்தார். நாற்பது வயதுதான். லீலாவாக நடித்த வனஜா அவருக்குச் சொந்த அக்கா என்பது பலருக்குத் தெரியாது. அன்று ராத்திரி எங்கள் தங்கை ஒவ்வொருத்தியாக எல்லோருக்கும் போன் போட்டு "நான் நல்லாத்தான் கீறேன், ஒப்பாரி வெக்காதீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் மட்டும் "மாத்திரை ஒழுங்காப் போடுறியா?" என்று கேட்டு அவளிடம் திட்டு வாங்கினேன்.

தறிவீடு

தலைப்பில் ரேடியோவும் இருக்கிறது, ஒருத்தரும் தொடக் காணோம்.

நைனாவுக்கு லுங்கித் தறி, குழித்தறி. விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். தெருவில் தொடர்ந்து தறிச் சத்தம்தான், பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்காது. ஆனால் காலை 7.15க்கு எங்கள் வீட்டுத் தறி நிற்கும். நைனா குழிக்குள் இருந்து கை நீட்டி டெல்லிச் செய்திக்கு டிரான்சிஸ்டரைத் திருகுவார். "ஆகாஷவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி." அந்தக் குரலில் அவசரமும் இருக்காது, அழுகையும் இருக்காது. வெள்ளமோ, தேர்தலோ, பட்ஜெட்டோ ஒரே நிதானம். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மத்திய மந்திரிகள் பெயரெல்லாம் துறையோடு சேர்த்துச் சொல்வார், அத்தனையும் அந்தம்மா தயவு.

2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் அவர் காலமானார். நைனா அப்போது படுத்த படுக்கை, காதும் மந்தம். பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னேன். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கேட்டார்: "சேதிய யாரு வாசிச்சது?"

"வாட்ஸாப்ல வந்துச்சு நைனா" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாகாயம் வாத்தியார்

தறிவீட்டுத் தம்பி சொன்னதுதான் சரி. முதலில் குரல், அப்புறம்தான் முகம். பூர்ணம் விசுவநாதனை எல்லோரும் நடிகர் என்றுதான் சொல்கிறார்கள். 1947ல் சுதந்திரச் செய்தியை டெல்லியிலிருந்து தமிழில் வாசித்த குரல் அவருடையது. 2008ல் அவர் மறைந்தபோது டிவியில் சினிமாக் காட்சிகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

எனக்கு ஆள் தென்கச்சி கோ. சுவாமிநாதன். ரேடியோவில் அவர் சொன்ன இன்று ஒரு தகவல். கடைசியில் ஒரு நகைச்சுவை வரும், சொல்கிறவர் சிரிக்க மாட்டார். ஷேவிங் செய்துகொண்டே கேட்டு, சிரித்து, தாடையை வெட்டிக்கொண்டு ரத்தத்தோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். 2009 செப்டம்பரில் அவர் போன மறுநாள் வகுப்பில் ஒரு தகவலை அவர் மாதிரியே சொல்லிப் பார்த்தேன். ஒரு பையனும் சிரிக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்களில் பலர் வீட்டில் அந்தக் காலத்தில் ரேடியோவிலிருந்து பதிவு செய்த கேசட் இருக்கும், டிவியிலிருந்து எடுத்த வீடியோ கேசட்டும் இருக்கும். பரணில் கிடக்கிறதா? முதலில் கீழே இறக்குங்கள். நம் ஊர் மே மாத வெயிலுக்கு ஓட்டு வீட்டுப் பரண் அடுப்புதான். எடுத்தவுடன் போட்டுக் கேட்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி மாதிரி இருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பும் போகும், செட்டில் டேப்பைப் படிக்கிற ஹெட்டும் போகும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டும். பூஞ்சை இல்லை என்றால் கடைசி வரை ஒரு தடவை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதற்கப்புறம் கேளுங்கள். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும், தேங்காய் எண்ணெய் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். டேப் ரெக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான் செலவு. பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸாப்பில் அனுப்ப மட்டும் எம்பி3. ஸ்பீக்கர் பக்கத்தில் கேசட்டை வைக்காதீர்கள், காந்தம். வீடியோ கேசட் இருந்தால் இன்னும் சீக்கிரம். வீடியோ கேசட்டை ஓட்டுகிற விசிஆர் தயாரிப்பதை உலகத்திலேயே 2016ல் நிறுத்திவிட்டார்கள், ரிப்பேருக்கு உதிரி கிடைப்பதே கஷ்டம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், நிகழ்ச்சி, பேசியவர் மூன்றையும் எழுதுங்கள். "அப்பா கேசட் 1" என்று வைத்தால் உங்கள் பேரனுக்கு ஒன்றும் புரியாது.

சத்துவாச்சாரி

வாத்தியார் சார், நினைவு எழுதச் சொன்னால் பாடம் எடுத்துவிட்டீர்கள் :)

என்னுடையது சின்னது. விசு. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் டிவியில் அவர் நடத்திய அரட்டை அரங்கம், அப்புறம்தான் குளியல். 2020 மார்ச் 22, ஜனதா ஊரடங்கு. சாயங்காலம் 5 மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று தட்டு தட்டினோமே, அதே நாள். தட்டிவிட்டு உள்ளே வந்த அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. டிவியில் விசு காலமானார் என்று ஓடுகிறது. "ஊரையே மைக் புடிச்சுப் பேச வெச்சவரு. இன்னிக்குப் பாத்துப் போறாரே, ஒருத்தரும் வெளிய வரக் கூடாதுன்ற நாள்ல" என்றார் அம்மா. எங்கள் பெரியப்பா சென்னைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். எப்படிப் போவது? பஸ் இல்லை, ரயில் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆரணி அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வில்லனைப் பார்த்து ஆண்கள் கெட்டுப்போனார்கள் என்றால், விசுவைப் பார்த்து எத்தனை பேர் திருந்தினார்கள்? எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆரணி அக்கா

கெட்டுப்போனார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ரசம் ஆறுகிறது என்றுதான் சொன்னேன்.

குடியாத்தத்தான்

அக்கா எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்க வூட்ல எவனாவது அப்படிக் கூப்டட்டும்" என்பதோடு சரி, மேலே ஒன்றும் சொல்லவில்லை.

2கே வேலூரான்

எல்லோரும் பெரியவர்களையே சொல்கிறீர்கள். சன் மியூசிக் ஆனந்த கண்ணன்? சிந்துபாத் சீரியலில் வந்தவர்? 2021 ஆகஸ்டில் புற்றுநோயால் போய்விட்டார். சின்ன வயதில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, கட்டிலைக் கப்பலாக்கி விளையாடியது அவரைப் பார்த்துத்தான். செய்தி வந்தபோது எனக்கு ஆன்லைன் வகுப்பு. கேமராவை ஆஃப் செய்துவிட்டு அந்த சீரியலின் பழைய பாட்டைத் தேடிக் கேட்டேன், மைக்கை ஆஃப் செய்ய மறந்துவிட்டது. மேடம் திட்டவில்லை. "கொஞ்சம் சவுண்டு வை" என்றார்.

தறிவீடு

வாத்தியார் சார், நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பரணில் தேடினேன். ஒரு கேசட் கிடைத்தது. மேலே நைனா எழுதச் சொல்லி யாரோ "டெல்லி" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் வெள்ளை. என்ன செய்ய?

பாகாயம் வாத்தியார்

ஓட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் தனியாகப் போட்டு, ஈரம் படாமல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். கேசட்டின் வெளிக்கூட்டைத் திருகு ஆணியால் பூட்டியிருந்தால் சுலபம், ஒட்டியிருந்தால் பிளேடு வேண்டும். முடிந்தால் காலி கேசட் ஒன்று கொண்டுவாருங்கள், டேப்பை அதில் மாற்ற வேண்டியிருக்கும்.