குறியாக்கம் செய்த வட்டு மெதுவாக ஓடியதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்கள் தரவுத்தள சர்வரின் புதிய என்விஎம்இ வட்டை (சுழலும் பாகமில்லாத அதிவேக வட்டு) லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸ்2இல் குறியாக்கம் செய்தேன். மறுநாளே புகார் வந்தது: அறிக்கைகள் முன்பைவிட மெதுவாக வருகின்றன. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்குதான் செயலியைத் தின்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது தவறு. வட்டைத் தொடாமல் குறியாக்க வேகத்தை மட்டும் அளக்கும் ‘கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்’ கட்டளையை ஓட்டியபோது ஒரே கோர் நொடிக்குச் சில ஜிகாபைட்டை அநாயாசமாகக் குறியாக்கியது. அதற்கான ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் செயலியிலேயே இருக்கின்றன. ஆனால் வட்டின் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியால் 4 கேபி துண்டுகளை முன்னும் பின்னுமாகப் படித்தால் வேகம் சரிந்தது. கணக்கும் வேகம், வட்டும் வேகம்; பிறகு நேரம் எங்கே போகிறது?

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வட்டுக் குறியாக்கத்தைச் செய்யும் டிஎம்-கிரிப்டுக்குள் போகிறது. வட்டிலிருந்து வந்த தரவை அது அந்த இடத்திலேயே அவிழ்ப்பதில்லை. ஒரு வேலை வரிசையில் போட்டுவிடுகிறது. கர்னலின் வேறொரு திரி (தனியே ஓடும் ‘த்ரெட்’) எழுந்து வந்துதான் அவிழ்க்கிறது. எழுதும்போது இன்னொரு படியும் உண்டு: குறியாக்கிய துண்டுகளைத் தனித் திரி ஒன்று செக்டர் (வட்டின் சிறு பகுதி) எண்படி அடுக்கி அனுப்புகிறது. சுழலும் வட்டின் தலை அலையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. மைக்ரோநொடிக் கணக்கில் பதில் தரும் என்விஎம்இ வட்டுக்கோ அந்தக் காத்திருப்பே பெரும் செலவு.

2020இல் இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் பொறியாளர்கள் இதைத்தான் அளந்து காட்டினார்கள். அதே ஆண்டு வந்த லினக்ஸ் 5.9இல், படிக்கும்போதும் எழுதும்போதும் இந்த வரிசைகளைத் தவிர்க்க இரண்டு தெரிவுகள் சேர்ந்தன. ‘கிரிப்ட்செட்டப் ரிஃப்ரெஷ்’ கட்டளையோடு அவற்றைக் கொடுத்தேன். சர்வரை நிறுத்தவில்லை, தரவைத் தொடவில்லை. ‘பெர்சிஸ்டென்ட்’ என்று சேர்த்ததால் வட்டின் அமைப்புகள் இருக்கும் லக்ஸ்2 தலைப்பகுதியிலேயே பதிவாகிவிட்டது. அன்று மாலைக்குள் புகார் நின்றது. ஒரு வரிசையை எடுத்தால் இவ்வளவு மாறுமா என்று சர்வரின் வேக வரைபடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 1

ஐயா, சுழலும் வட்டு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்துவிட வேண்டாம். எங்கள் காப்புநகல் சர்வரில் பழைய ஹார்டு டிஸ்குகள். இரண்டு தெரிவுகளையும் போட்டேன். இரவில் முடியும் காப்புநகல் வேலை விடிந்தும் ஓடியது. எடுத்துவிட்டதும் பழைய நிலைக்குத் திரும்பியது. நீங்கள் சொன்ன அந்த அடுக்கும் திரி எங்களுக்கு உண்மையிலேயே உழைத்துக்கொண்டிருந்தது.

மறுமொழி 2

என் வீட்டில் நேர்மாறான கதை. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் குறியாக்கிய யுஎஸ்பி வட்டு. வரிசைகளைத் தவிர்த்தும் எதுவும் மாறவில்லை. அந்தச் செயலியில் ஏஇஎஸ் கட்டளைகள் இல்லை. அங்கே கணக்குதான் தடை. அப்படிப்பட்ட செயலிகளுக்காகவே கூகுள் உருவாக்கிய அடியான்டம் என்ற குறியாக்க முறை லினக்ஸ் 5.0 முதல் கர்னலில் இருக்கிறது. தரவை வேறு வட்டுக்கு நகலெடுத்து, அடியான்டத்தில் புதிதாக அமைத்தேன். செக்டர் அளவையும் 512இலிருந்து 4096 பைட்டாக்கினேன். இப்போது படங்கள் தடையில்லாமல் ஓடுகின்றன. முதல் நாளே பெஞ்ச்மார்க் பார்த்திருந்தால் ஒரு வார இறுதி மிச்சமாகியிருக்கும்.

தொடங்கியவர்

நன்றி நண்பர்களே. சர்வரின் கர்னல் எண், வட்டின் வகை, பெஞ்ச்மார்க் முடிவு மூன்றையும் சேர்த்து எழுதினால் அடுத்து வருபவர்களுக்கு உதவும். 4096 பைட் செக்டரை எங்கள் சர்வரிலும் இந்த வாரம் சோதிக்கப் போகிறேன், எண்களோடு வருகிறேன்.