வயல் நத்தையின் முப்பரிமாணத் தரவை எங்கே பகிர்வது?

நண்பர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கோடையில் மூடியை இறுக்கிக்கொண்டு மண்ணுக்கடியில் கிடக்கும் பைலா நத்தைகளை மைக்ரோ சிடி ஸ்கேன் (எக்ஸ்-கதிரால் உள்ளமைப்பை நுணுக்கமாகப் படமெடுக்கும் முறை) எடுத்திருக்கிறோம். ஓட்டின் சுருள், நடுத்தண்டு, மூடியின் வளர்ச்சி வளையங்கள் எல்லாம் அத்தனை தெளிவு!

கட்டுரையோடு தரவையும் வெளியிட வேண்டும். எஸ்டிஎல் என்ற முப்பரிமாண வடிவக் கோப்பு போதும் என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அதில் மேற்பரப்பு மட்டும்தான் இருக்கும், அடர்த்தி வேறுபாடு போய்விடும். நாளை வேறொருவர் ஓட்டின் தடிமனைத் தம் முறையில் அளக்க மூல டிஃப் படங்களும் (ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்கள்) வோக்சல் அளவும் (முப்பரிமாணப் படப்புள்ளியின் அளவு) வேண்டாமா?

ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், தரவை மேற்கோள் காட்ட உதவும் நிலையான டிஓஐ எண்ணும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் மார்ஃபோசோர்ஸ் என்ற முப்பரிமாணத் தரவுக் களஞ்சியம் இத்துறையில் பேர்போனது. எங்கள் மாதிரிகளோ அருங்காட்சியகப் பதிவெண் இல்லாமல் கல்லூரி அலமாரியில் பாட்டில்களில் இருக்கின்றன. பதிவெண்ணை முதலில் யாரிடம் வாங்குவது? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது நல்லதா? ஏற்றிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

இங்குள்ள இணைய வேகத்தில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நல்ல இணைப்புள்ள ஆய்வகம் இடம் தந்தால் ஹார்டு டிஸ்க்கோடு வந்துவிடுகிறேன்.